போனை முதலில் வைக்காதவள்

கித்தேரி பெரியம்மாவின் இதயக் குழாய்க்குள் கேமராவை விட்டபோது அங்கே அவளுடைய பழைய டெலிபோன் பூத் இருந்தது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஓர் ஆள் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அடைப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார் டாக்டர் நாச்சியப்பன்.

"பூத்துதான் சார் அடைப்பு" என்றார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன். "எண்பது சதவீதம் வரும்."

"ஆளைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்த்து சார்."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, அறிக்கையில் அப்படியே எழுதிவிடுங்கள் என்றார்.

சாதாரண ஆஞ்சியோவில் குழாயின் நிழல்தான் தெரியும். அவர் ஜப்பானுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த இந்த முறையிலோ, நூல் கனத்தில் ஒரு கண்ணாடி இழையை மணிக்கட்டு வழியாக ஏற்றி, இதயத்தின் மேல் படர்ந்திருக்கும் குழாய்க்குள் நுழைத்து, உட்சுவரின் நிறத்தையே நேருக்கு நேர் பார்க்கலாம். நல்ல சுவர் நுங்கின் உட்புறம் போல வெளுத்து மினுங்கும், கொழுப்பு படிந்த சுவர் மஞ்சளாகத் தெரியும், மஞ்சள் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஆனால் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கையில் கேமராவுக்குச் சிவப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பதால், தெளிந்த திரவம் ஒன்றைப் பீய்ச்சி இரத்தத்தைக் கொஞ்ச நேரம் விலக்கிவைக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பார்க்க முடியும், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இதயத்தின் அந்தப் பக்கம் பட்டினி. பார்க்க வேண்டுமானால் இரத்தத்தை விலக்க வேண்டும். இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் சிப்பித்துறை ஊர் முழுவதும் சேர்ந்து மறந்தது இதைத்தான்.

பூத்தின் தலைப்பலகை நல்ல மஞ்சள். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று கறுப்பு எழுத்து. கதவுக் கண்ணாடியில் ஒரு விரிசல், விரிசலின் மேல் பெரியம்மா ஒட்டிய மருந்துப் பிளாஸ்திரி. நான் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தேன். உள்ளே நின்றவர் திரும்பினார். இஞ்ஞாசி மாமா. கடலுக்கு அந்தப் பக்கம், வளைகுடாவில் யாருடைய படகிலோ மீன் பிடிக்கப் போய், நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே காணாமல் போனவர். அவர் வீட்டுச் சுவரில் மாலை போடாமல் மாட்டியிருக்கும் போட்டோவில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான முகம்.

எங்கள் ஊரில் பூத் எதற்காக இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். வீட்டுக்கு வீடு ஆண்கள் வெளிநாட்டுப் படகுகளில் இருந்த காலம் அது, யார் வீட்டிலும் போன் கிடையாது. அவர்கள் அங்கிருந்து பெரியம்மாவின் பூத்துக்கு அடிப்பார்கள், பெரியம்மா தெருவில் போகிற வருகிறவர்களிடம் சொல்லியனுப்புவாள், சேதி கிடைத்த பெண் வந்து சேரும்வரை லைன் அறுந்துபோகாமல் அவளே பேசிக்கொண்டிருப்பாள். "உம்பொண்டாட்டி வந்துட்டே இருக்கா மக்கா, கோயில் முக்கு திரும்பிட்டா, இந்தா வந்துட்டா" என்று வராதவளை வரவைத்துக்கொண்டே இருப்பாள். இதற்கு ஊரில் லைனைப் பிடித்து வைப்பது என்று பெயர். அந்த இடைவெளியில் அந்த ஆண்கள் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததையெல்லாம், படகுக்காரன் அடித்ததை, உப்புத் தண்ணீரில் விரல் அழுகியதை, அவளிடம் சொன்னார்கள். அவள் கேட்டாள். அவர்கள் வைக்காமல் அவள் ஒருநாளும் போனை முதலில் வைத்ததில்லை. அவளுக்கென்று ஒரு போன்கால் கூட வந்ததில்லை. பூத்தை இடித்து அங்கே கோழி வறுக்கும் கடை வந்த பிறகு, ஒரு மொபைல் வாங்கித் தருகிறேன் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன், "எனக்கு யாருட்டி பேசப் போறா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இஞ்ஞாசி மாமா அந்தக் கரையில் ஏதோ ஒரு பூத்தில் நின்றுதான் பேசியிருப்பார். ஆனால் அந்தப் பூத்தைப் பெரியம்மா பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது தன் பூத் ஒன்றுதான். அதனால் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றவரைத் தன் பூத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்துவிட்டாள். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? வேறு எங்கே நிறுத்துவாள்?

ஊருக்குச் சேதி போனது. சொன்னது நான்தான், இஞ்ஞாசி மாமாவின் மனைவி சலேத் மாமிக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன், அது நியாயம் என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வேன் வேனாக வந்து இறங்கியது சலேத் மாமி மட்டுமில்லை.

இறங்கியவர்களைப் பார்த்தேன். அத்தனை பெண்களும் குளித்து, பீரோவின் உள்தட்டில் இருக்கும் சேலையை எடுத்து உடுத்தி, கனகாம்பரம் வைத்து, முகத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் பூத்துக்குப் போன் பேசப் போகும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் இப்படித்தான் போவார்கள். எதிர்முனையில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் புருசனோடு பேசப் போகிறவள் மீன் கவிச்சியோடு போகக் கூடாது, அது வழக்கம், அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பூத் போய்ப் பல காலம் கழித்து, அந்த வழக்கம் வேனில் ஏறி இதய சிகிச்சைப் பிரிவின் நடைபாதைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அன்று சலேத் மாமி தடுப்புக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தாள், மற்றவர்கள் பின்னால் முண்டியடித்தார்கள். இரத்தம் விலகியது, மஞ்சள் பலகை தெரிந்தது, இஞ்ஞாசி மாமா தெரிந்தார், அவர் உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை, இரத்தம் திரும்ப வந்து மூடியது. சலேத் மாமி அழவில்லை. "மெலிஞ்சிட்டாவ" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில், பூத்துக்குப் பின்னால் இருட்டில் ஒரு வரிசை நிற்பதை மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். முகம் சரியாகத் தெரியாத ஆண்கள், அவரவர் முறைக்காகக் காத்து நிற்கிறார்கள். ஒருத்தி அது தன் அண்ணன் என்றாள். ஒருத்தி தன் மகன் நிற்கிற சாய்வு அப்படியே இருக்கிறது என்றாள். கடல் கொண்டுபோனவர்கள், வெளிநாட்டுச் சிறையில் செத்தவர்கள், இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பாமல் போனவர்கள், யாருக்கெல்லாம் கணக்கு முடியவில்லையோ அவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் நிற்பதாக ஊர் முடிவுசெய்தது.

பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதை அற்புதம் என்றும் சொல்ல வேண்டாம், அற்புதம் இல்லை என்றும் சொல்ல வேண்டாம் என்றார். ஆயர் இல்லத்திலிருந்து வந்த ஒரு குருவானவர், பலகையில் சிலுவை ஏதும் உண்டா என்று கேட்டார், இல்லை, எஸ்.டி.டி. என்றுதான் இருக்கிறது என்றதும் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு உள்ளே விளக்கு எப்படி எரிகிறது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. இதயம் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, துடிப்பதே அதனால்தான் என்று டாக்டர் விளக்கியதும், அப்படியானால் சரி என்று நிம்மதியாகப் போனார். ஆஸ்பத்திரி நிர்வாகம் நடைபாதையில் ஒரு பெரிய டிவியை மாட்டி நாற்காலி போட்டது. ஊர் எவ்வளவு சீக்கிரம் எல்லாவற்றுக்கும் நாற்காலி போட்டுவிடுகிறது பாருங்கள்.

நாற்காலி போட யாருக்கும் தோன்றாத இடம் ஒன்றுதான். அந்த நெஞ்சு யாருடையது என்ற கேள்வி.

ஊர்க் கமிட்டிக் கூட்டத்துக்கு நான் போனேன். கோயில் சமூகக்கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வாசலில் நின்றார்கள், தலைவர் ரெமிஜியூஸ் அண்ணாச்சி எழுந்து, வீட்டுக்கு ஒரு தடவை பார்ப்பது, எல்லா வீடும் பார்த்து முடிக்கும்வரை அடைப்பை எடுக்க வேண்டாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானம் வாசித்தார்.

"அண்ணாச்சி, அது பெரியம்மாவோட நெஞ்சு. ஊர்ப் பொது மண்டபம் இல்ல" என்றேன்.

"மண்டபம்னா வாடகை உண்டுல்லா" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

"வக்கீலம்மா கோவப்படாதீங்க" என்றார் அண்ணாச்சி. நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பதால் ஊரில் எனக்கு அதுதான் பெயர். பெல்சியா என்று பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. "ஒரு தடவை பாக்கிறதுல என்னம்மா ஆயிரப் போவுது? கொஞ்ச நேரம்தான?"

"அந்தக் கொஞ்ச நேரமும் அவ நெஞ்சுக்கு இரத்தம் போகல. உங்க மூக்கை அப்படிக் கொஞ்ச நேரம் பொத்திப் பிடிப்போமா? வீட்டுக்கு ஒரு தடவை?"

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற ஒரு பெண் மட்டும், "எம்மவன் அங்க நிக்கான் தாயி. நீ சட்டம் பேசுத" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில்தான். ஆனால் அவள் முகத்தில் பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்துவரை இறங்கியிருந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

தீர்மானம் நிறைவேறியது.

அதன் பிறகு நடந்ததை நான் கோபமில்லாமல் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். பெரியம்மாவை மேஜையில் படுக்க வைப்பார்கள், மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள், அவள் முழு நினைவோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இழை ஏறும், திரவம் பாயும், நடைபாதையில் "இந்தா, இந்தா" என்று ஒரு மூச்சிழுப்பு எழும், பெரியம்மாவின் உதடு நீலமாகும், இரத்தம் திரும்பும், உதடு மெல்ல நிறம் பிடிக்கும், அடுத்த வீட்டுக்காரர்கள் நாற்காலியில் வந்து உட்காருவார்கள். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகும் விடமாட்டார்கள். பார்வையாளர் நேரத்தில் வந்து அவள் நெஞ்சின் மேல் குனிந்து, "யண்ணே, நாந்தான் பேசுதேன், கேக்குதா?" என்று கத்துவார்கள். அவள் பொறுமையாக, "கேக்கும் தாயி, சொல்லு" என்பாள்.

ஒருநாள் டாக்டர் நாச்சியப்பனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன்.

"நீங்க டாக்டரா, சினிமா கொட்டகை வச்சிருக்கீங்களா?"

"உட்காரும்மா."

"உட்கார மாட்டேன். எதுக்குத் திரும்பத் திரும்பப் பாக்கிறீங்க?"

"ஒவ்வொரு தடவையும் புதுத் தகவல் கிடைக்குது."

"என்ன தகவல்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னாடி வரிசை நீண்டிருக்கு" என்றார். பிறகு அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் மாறியது. மஞ்சளும் கூடியிருக்கிறது, பலகையின் ஓரம் பிளக்கத் தொடங்கியிருக்கிறது, பிளந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து ஒரேயடியாக அடைத்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார். ஸ்டென்ட் வைக்க வேண்டும். ஸ்டென்ட் என்பது சின்னக் கம்பி வலை, சுருங்கிய நிலையில் உள்ளே போய் விரிந்து குழாயைத் திறந்து பிடித்துக்கொள்ளும், பூத் நசுங்கிச் சுவரோடு சுவராகிவிடும். கமிட்டி சொல்வதைக் கேட்டது தன் தவறு, இனி ஊரைக் கேட்கப் போவதில்லை, கித்தேரி அம்மாள் ஒருத்தி சம்மதித்தால் போதும் என்றார்.

"இதைத்தான் நான் மொதல்ல இருந்து சொல்லுதேன்" என்றேன். வெற்றி பெற்றவளாக வார்டுக்கு நடந்தேன். உன் உடம்பு, உன் முடிவு, ஊருக்கு அதில் இடமில்லை என்று பெரியம்மாவின் கட்டிலருகே நின்று ஒரு நீதிமன்றமே அதிரும்படி பேசினேன். அவள் முழுவதையும் கேட்டாள். கேட்பது அவளுக்குப் பழக்கம்.

"என் முடிவுதான?"

"உன் முடிவு மட்டுந்தான்."

"அப்ப வேண்டாம் மக்கா."

"பெரியம்மா!"

"லைன்ல ஆள் இருக்கான்லா."

இஞ்ஞாசி மாமா கடைசியாகப் பேசிய அன்று நடந்ததை அவள் சொன்னாள். பிற்பகல் நேரம், அவருடைய கால் வந்தது, சலேத் கடற்கரையில் ஏலத்தில் நின்றாள், பெரியம்மா அவளுக்குச் சொல்லியனுப்பினாள், "வந்துட்டே இருக்கா" என்று பேசிக்கொண்டே இருந்தாள். வெளியே காற்றும் மழையும். அவன் அதிகம் பேசவில்லை, "இருக்கேன் அக்கா, இருக்கேன்" என்று மட்டும் சொன்னான். திடீரென்று பூத்தில் விளக்கு அணைந்தது, புயலில் எங்கோ கேபிள் போய்விட்டது, ரிசீவரில் சத்தமில்லை, அதற்குப் பிறகு அவனிடமிருந்து கால் வரவேயில்லை.

"அவனும் வைக்கல, நானும் வைக்கல" என்றாள் பெரியம்மா. "அப்ப அந்தக் கால் முடியலல்லா. அவன் இருக்கேன்னு சொன்னான். இப்பப் போயி நான் எப்படி வைக்க?"

"பெரியம்மா, நீ செத்துருவ."

"செத்தா லைன் அதுவா அறுந்துரும். அது நான் வச்சதா ஆவாது."

நான் இத்தனை நாள் கட்டிய வாதம் முழுவதையும் வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டது போல, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இதற்கு மேல் போக ஒரே இடம்தான் இருந்தது. மதிய வெயிலில் கடற்கரை ஏலத்துக்குப் போனேன். சலேத் மாமி நெத்திலிக் குவியலுக்கு முன்னால் நின்று விலை கூவிக்கொண்டிருந்தாள். வேனில் வரும் பவுடர் போட்ட சலேத் மாமி இல்லை இவள். முழங்கால்வரை தூக்கிச் செருகிய சேலை, கையெல்லாம் செதில், நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். நான் என் பக்கத்தைச் சொன்னேன். பெரியம்மா வைக்க மாட்டாள், இஞ்ஞாசி மாமா வைத்தால்தான் உண்டு, அவரை வைக்கச் சொல்லும் உரிமை உலகத்தில் உங்கள் ஒருத்திக்குத்தான் இருக்கிறது என்று படிப்படியாக, மறுக்கவே முடியாதபடி சொன்னேன்.

அவள் குவியலைக் கையால் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கும் இங்கதான் நின்னேன்" என்றாள். "சேதி வந்துச்சு. ஓடியிருக்கலாம், இந்தா இருக்கு பூத்து, எட்டி நடந்தா போயிரலாம். கவிச்சியோட எப்படிப் போறதுன்னு வீட்டுக்குப் போனேன். குளிச்சேன். நீலச் சேலை கட்டினேன். பவுடர் டப்பா காலி, பக்கத்து வீட்டுல வாங்கினேன். போன்ல மூஞ்சி தெரியாதுன்னு எனக்குத் தெரியாதாட்டி? மழையில குடை பிடிச்சுட்டு, பவுடர் அழியாம, மெதுவா நடந்து போனேன். போய்ச் சேரும்போது உங்க பெரியம்மா இருட்டுல ரிசீவரைப் பிடிச்சுட்டு நிக்கா."

அவள் ஒரு கை நெத்திலியை அள்ளிக் குவியலின் மேல் போட்டாள்.

"நீ வாதாடி ஜெயிச்சிருவ. நான் தோத்துட்டேன்னே வச்சுக்க. தோத்தவ அங்க வந்து என்ன சொல்லணும்? அத்தனை வருசம் காணாமப் போயி, இப்பத்தான் கண்ணுல பட்ட மனுசன்கிட்ட, போங்கன்னு சொல்லணும். அப்படித்தான?"

"அப்படித்தான் மாமி."

"போட்டி, போ" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. திரும்பி அடுத்த குவியலுக்கு விலை கூவத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வியர்வையில் படுக்கை நனைந்தது, இடது கையைத் தூக்க முடியவில்லை, டாக்டர் நாச்சியப்பன் ஓடிவந்து இனி நேரமில்லை என்றார். அவள் அப்போதும் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. நான் சலேத் மாமிக்குப் போன் அடித்தேன். எடுத்தாள். பின்னால் அலைச் சத்தமும் ஏலக் குரல்களும் கேட்டன. "மாமி, பெரியம்மா போயிருவா" என்றேன். "வாறேன்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மணலில் கால் புதையும் சத்தம் கேட்டது, ஷேர் ஆட்டோவில் யாரோ "மீன்காரம்மா தள்ளி உக்காருங்க" என்பது கேட்டது, பஸ் கண்டக்டரின் விசில் கேட்டது, நான் அறுவை அறை வாசலில் நின்றுகொண்டு பெரியம்மாவிடம், "வந்துட்டே இருக்காவ பெரியம்மா, பஸ் ஏறிட்டாவ, பாலம் தாண்டிட்டாவ, இந்தா வந்துட்டாவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சலேத் மாமி நடைபாதையில் நடந்து வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். செருகிய சேலையை இறக்கிவிடக்கூட இல்லை. கையில் செதில் மின்னியது. காலில் ஈர மணல்.

"இப்படியே உள்ள வர முடியாது, இது சுத்தமான இடம்" என்று நர்ஸ் வழியை மறித்தாள்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வாதம் அது; ஒரு வரிதான். "குளிச்சுட்டு வந்தா லேட் ஆயிரும், சிஸ்டர்."

"மேல ஒரு கவுனைப் போட்டு விடுங்க" என்று உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். "வேகமா."

பச்சைக் கவுனுக்குள்ளிருந்து நெத்திலி வாடை அறை முழுவதும் பரவியது. மேஜையில் கிடந்த பெரியம்மா மூச்சை இழுத்து, "வந்துட்டியா" என்றாள். இழை ஏறியது. "ஒரே தடவைதான்" என்றார் டாக்டர், "இதயம் தாங்காது." திரவம் பாய்ந்தது, சிவப்பு விலகியது, மஞ்சள் பலகை, பிளாஸ்திரி ஒட்டிய கண்ணாடி, இஞ்ஞாசி மாமா.

அவர் ரிசீவரைக் காதிலிருந்து சற்றே எடுத்தார். முகத்தை உயர்த்தினார். கரை தெரிந்ததும் படகில் நிற்பவர்கள் இழுப்பார்களே, அப்படி ஒரு மூச்சை இழுத்தார்.

சலேத் மாமி பெரியம்மாவின் காதருகே குனிந்தாள். சொல்ல எத்தனையோ இருந்திருக்கும். "நான் வந்துட்டேன். நீங்க வையுங்க" என்றாள்.

லைன் சரியில்லாத நாட்களில் செய்வது போலவே, பெரியம்மா கூரையைப் பார்த்தபடி, சொல்லைச் சொல்லாகப் பிரித்து, உரக்கச் சொன்னாள். "இஞ்ஞாசி. சலேத் வந்துட்டா. கேக்குதா மக்கா? ஓடியே வந்துட்டா. நீ இனி வைக்கலாமாம்."

அவர் சிரித்ததாக நடைபாதை டிவியில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது தெரியவில்லை. நான் பார்த்தது அவர் கையை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் வைத்தார். கதவைத் திறந்து வெளியே வந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள், பூத் காலியானதைப் பார்த்தும் யாரும் உள்ளே போகவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களைப் போல, அவசரமில்லாமல், இரத்தம் போகிற திசையில் நடந்தார்கள். சிவப்பு வந்து மூடியது.



"யாரு மொதல்ல வச்சது?" என்று பெரியம்மா கேட்டாள்.

"அவரு பெரியம்மா. அவருதான் மொதல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்றாள். "டாக்டர், இனி உங்க வேலையைப் பாருங்க."

வலை உள்ளே போனது, விரிந்தது, பிடித்தது. சலேத் மாமி வெளியே வந்து, நாற்காலிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, செதில் ஒட்டிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சமூகக்கூட வாசலில் அன்று என்னிடம் மகனைப் பற்றிப் பேசியவள் தன் நாற்காலியை விட்டு இறங்கி, தன் சேலை வீணாவதைப் பார்க்காமல், அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முறை வராத வீட்டுக்காரர்கள் சில நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த டிவியில் இப்போது டோக்கன் எண் ஓடுகிறது. டாக்டர் அடுத்த பரிசோதனையில் பார்த்தபோது குழாயின் சுவர் வெளுத்துத் தெரிந்தது, வலையின் மேல் மெல்லிய தோல் வளர்ந்திருந்தது, ஓரத்தில் மட்டும் துளி மஞ்சள் இருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும், ஆபத்தில்லை என்றார். ஒரு தடவைதான் பார்த்தார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மாலை, ஊரில், பெரியம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கையில் என் மொபைல் அடித்தது. சலேத் மாமி.

"சொல்லுங்க மாமி."

"உங்கிட்டப் பேச இல்லட்டி. கித்தேரி அக்கா இருக்காளா? சும்மாதான். எப்படி இருக்கான்னு கேக்கணும்."

அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தே வந்து கேட்டிருக்கலாம். நான் போனை நீட்டினேன். "பெரியம்மா, போன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு போனை வாங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பவுடர் டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது.

நான் போனைக் காதில் வைத்தேன்.

"மாமி, லைன்ல இருங்க. பெரியம்மா வந்துட்டே இருக்கா."

"வரட்டும் மக்கா, மெதுவா வரட்டும்" என்றாள் சலேத் மாமி. "நான் வைக்க மாட்டேன்."